ப்ரெகே எண் 160: நாற்பத்து நான்கு வருடம் செய்த நாட்காட்டிக் கடிகாரம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பழைய கடிகாரங்களில் எனக்குப் பைத்தியம் உண்டு என்று தெரிந்தவர்கள், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இந்த ஒரு பாக்கெட் வாட்சில்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். "அந்த பிரெஞ்சு ராணி வாட்ச், திருடு போச்சே, அது என்ன விலை?" திருட்டையும் விலையையும் கீழே சொல்லியிருக்கிறேன். ஆனால் அதற்குள் இருக்கும் நாட்காட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால் கேட்காத கேள்விகள் சிலவற்றையும் நானே சேர்த்துக்கொண்டேன்.

எந்தக் கடிகாரத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

பாரிசில் கடை வைத்திருந்த ஆப்ரஹாம்-லூயி ப்ரெகேயின் பட்டறையில் செய்யப்பட்ட, 160 என்ற எண் கொண்ட தங்கப் பாக்கெட் வாட்ச். 'மேரி அந்துவானெத் கடிகாரம்' என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். ஆர்டர் வந்தது 1783-இல், வேலை முடிந்தது 1827-இல். குறுக்களவு சுமார் 63 மி.மீ., உள்ளே 823 பாகங்கள். இப்போது ஜெருசலேமில் எல்.ஏ. மேயர் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ராணியே கேட்டுச் செய்யச் சொன்னதா?

இல்லை. ராணியின் காவல்படை அதிகாரி ஒருவர் ஆர்டர் கொடுத்ததாகத்தான் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பெயர் பதிவாகவில்லை. பெயர் இல்லாத இடத்தில் காதலைக் கொண்டுவந்து வைப்பது ஊர் வழக்கம்தானே? ராணியோடு கிசுகிசுக்கப்பட்ட ஸ்வீடன் நாட்டுப் பிரபு ஆக்செல் ஃபெர்சன்தான் அவர் என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது.

அதிகாரி விதித்த நிபந்தனைகள்தான் சுவாரசியம். அந்தக் காலத்தில் தெரிந்த எல்லா நுட்பமும் இதில் இருக்க வேண்டும். வேறு உலோகம் வரும் இடத்தில், முடிந்தவரை தங்கம் போட வேண்டும். செலவுக்கு வரம்பு இல்லை, காலத்துக்கும் கெடு இல்லை. கெடு இல்லாத வேலை என்ன ஆகும் என்று வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்.

'கம்ப்ளிகேஷன்' என்கிறார்களே, அது என்ன? இதில் எத்தனை?

மணி, நிமிடம், விநாடி காட்டுவதற்கு மேலாக ஒரு கடிகாரம் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் அந்தத் தொழிலில் கம்ப்ளிகேஷன் என்று பெயர். தேதி காட்டினால் ஒன்று, மணியடித்துச் சொன்னால் இன்னொன்று. எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும், அதனால் எண்ணாமல் சொல்கிறேன்.

டயலில் 2 மணிப் பக்கம் தேதி, 6 மணிப் பக்கம் கிழமை, 8 மணிப் பக்கம் மாதம். 10 மணிப் பக்கம் சூரிய நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். அதற்குச் சற்று மேலே, இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் என்று காட்டும் முள், முழு அளவு 48 மணி நேரம். அதற்கு நேர் எதிரே ஒரு வெப்பமானி. நடுவில் தனியாக ஓடவும் நிற்கவும் கூடிய பெரிய விநாடி முள். சட்டைப்பையில் கிடந்து அசையும்போதே பிளாட்டினம் எடை ஒன்று ஆடிச் சாவி கொடுத்துவிடும். கீழே விழுந்தால் அச்சு உடையாமல் தாங்கும் அமைப்பும் உண்டு.

இருட்டில் மணி பார்க்க வழியில்லாத காலம் அது. அழுத்தினால் மணியையும் கால்மணியையும் நிமிடத்தையும் அடித்துச் சொல்லும். 12:59-க்கு அழுத்தினால் 12 அடி, பிறகு கால்மணிக்கு மூன்று இரட்டை அடி, பிறகு 14 ஒற்றை அடி, பொறுமையாகக் கேட்க வேண்டும். உள்ளே குட்டி மணி வைக்காமல், வளைத்த எஃகுக் கம்பியைத் தட்டி ஒலி எழுப்பும் முறையை ப்ரெகே கொண்டுவந்ததும் இந்த ஆர்டர் வந்த அதே 1783-இல்தான்.

நிலா இல்லை. பிறை காட்டும் கடிகாரம் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

தேதி காட்டுவதில் என்ன பெரிய வித்தை? என் கைக்கடிகாரமும் காட்டுகிறதே?

உங்களுடையது ஒவ்வொரு நள்ளிரவும் ஒரு பல் நகரும், அவ்வளவுதான். 31 வரை போய் 1-க்குத் திரும்பும். 30 நாள் மாதம் முடிந்த மறுநாள் காலை நீங்கள்தான் திருகித் திருத்த வேண்டும். வருடத்தில் ஐந்து முறை இந்த வேலை உண்டு. எண் 160-இல் இருப்பது நிரந்தர நாட்காட்டி. எந்த மாதம் 30, எந்த மாதம் 31, எந்த பிப்ரவரி 29 என்று அதற்கே தெரியும். பேட்டரி இல்லை, சிப் இல்லை. எப்படித் தெரியும்?

சின்ன வயதில் முஷ்டியை மடக்கி விரல் முட்டிகளில் மாதம் எண்ணியிருப்பீர்கள். மேட்டில் வந்தால் 31, பள்ளத்தில் வந்தால் 30, பிப்ரவரி மட்டும் விதிவிலக்கு. நிரந்தர நாட்காட்டி அந்த முஷ்டியை உலோகத்தில் செய்துவைத்தது. இதன் பழைய, நேரடியான வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் விளிம்பை, நான்கு வருடத்துக்கு மாதம் ஒன்றாக, 48 பங்கு பிரித்திருப்பார்கள். 31 நாள் மாதங்கள் 28, அங்கே விளிம்பு மேடாகவே இருக்கும். 30 நாள் மாதங்கள் 16, அங்கே லேசான பள்ளம். மூன்று பிப்ரவரிகளுக்கு ஆழமான பள்ளம். நான்காவது பிப்ரவரிக்கு அதைவிட ஒரு துளி மேடான பள்ளம். மொத்தம் 48.

நெம்புகோல் ஒன்றின் மூக்கு இந்த விளிம்பில் உட்கார்ந்திருக்கும். மாதக் கடைசி நள்ளிரவில் அந்த நெம்புகோல் தேதிச் சக்கரத்தைத் தள்ளும். மூக்கு மேட்டில் இருந்தால் ஒரு பல் நகரும், 31-லிருந்து 1. லேசான பள்ளத்தில் இறங்கியிருந்தால் இரண்டு பல், 30-லிருந்து 31-ஐத் தாண்டி 1. ஆழப் பள்ளம் என்றால் 28-லிருந்து நான்கு பல். லீப் வருடப் பள்ளம் என்றால் 29-லிருந்து மூன்று பல்.

அந்தச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற 1,461 நாள் ஆகும். அதற்குள் நிமிட முள் 35,064 முறை சுற்றியிருக்கும். ஒரே பெட்டிக்குள் இரண்டும் ஓடுகின்றன. எனக்கு இந்தக் கடிகாரத்தின் மேல் மயக்கம் வந்தது தங்கத்தைப் பார்த்து அல்ல, இந்தக் கணக்கைப் பார்த்து.

நிரந்தர நாட்காட்டியைக் கைக்குள் அடங்கும் கடிகாரத்தில் ஏற்றியதில் ப்ரெகே முதல்வர் இல்லை. லண்டனில் தாமஸ் மட்ஜ் 1762 வாக்கிலேயே செய்துவிட்டார். மற்ற நுட்பங்கள் அத்தனையோடும் சேர்த்து ஒரே பெட்டியில் அடைத்ததுதான் ப்ரெகே பட்டறையின் சாதனை.

'நிரந்தரம்' என்றால் உண்மையிலேயே நிரந்தரமா?

இல்லை. நான்கு வருடத்துக்கு ஒரு லீப் வருடம் என்பது மட்டும்தான் அந்தச் சக்கரத்துக்குத் தெரியும். 1582-இல் வந்த கிரிகோரியன் நாட்காட்டியின் விதியோ, 400-ஆல் வகுபடாத நூற்றாண்டு வருடங்கள் லீப் இல்லை என்கிறது. 1800 லீப் இல்லை, 1900 இல்லை, 2000 உண்டு, 2100 இல்லை. இந்தக் கடிகாரம் 1800-இல் அரைகுறையாகக் கிடந்ததால் அப்போது தப்பித்தது. இனி 2100 பிப்ரவரி 28 நள்ளிரவில், உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிரந்தர நாட்காட்டிக் கடிகாரங்களில் பெரும்பாலானவை 29 என்று காட்டும். யாராவது கையால் தள்ளிவிட வேண்டும்.

சூரிய நேர வித்தியாசம் என்றீர்களே, அது எதற்கு?

சூரியன் உச்சிக்கு வரும் நேரமும் கடிகாரத்தின் 12 மணியும் எல்லா நாளும் பொருந்துவதில்லை. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் சில மாதம் முந்தும், சில மாதம் பிந்தும். பிப்ரவரி 11 வாக்கில் சுமார் 14 நிமிடம் தாமதம். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடத்துக்கு மேல் அவசரம். இரண்டும் ஒத்துப்போவது வருடத்தில் நான்கே நாள்: ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகியவற்றை ஒட்டி. தமிழில் இதை நேரச் சமன்பாடு என்பார்கள். பெயர் பயமுறுத்தும், விஷயம் இவ்வளவுதான்.

இயந்திரத்தில் இதைக் காட்ட முந்திரிப் பருப்பு போல வளைந்த ஒரு தகடு போதும். வருடத்துக்கு ஒரு சுற்று. அதன் ஓரத்தைத் தடவிச் செல்லும் ஒரு கம்பி, வளைவுக்கு ஏற்ப முள்ளை இப்படியும் அப்படியும் தள்ளும். வருடச் சுற்று நாட்காட்டியிலிருந்துதான் வர வேண்டும் என்பதால் இரண்டும் ஒட்டிப் பிறந்தவை.

இது வெறும் அலங்காரம் என்று நினைக்கக்கூடாது. 1783-இல் பாரிஸ் வாழ்ந்தது சூரிய நேரத்தில். 1786-இல் பாலே ரொயால் தோட்டத்தில், உச்சி வெயில் ஒரு லென்ஸ் வழியாக விழுந்து தானே வெடிக்கும் சின்ன பீரங்கி ஒன்றையே வைத்தார்கள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் கனவான்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். கையில் சீராக ஓடும் நல்ல கடிகாரம் வைத்திருந்தவருக்கு, சூரியன் தப்பா கடிகாரம் தப்பா என்று தெரிய இந்த முள் தேவைப்பட்டது. 1816-இல் பாரிஸ் நகரக் கடிகாரங்கள் சராசரி நேரத்துக்கு, அதாவது சீராக ஓடும் கடிகார நேரத்துக்கு, மாறின. எண் 160 அப்போதும் முடிந்திருக்கவில்லை.

ஏன் 44 வருடம்?

தொடர்ந்து 44 வருடம் யாரும் உட்கார்ந்து செய்யவில்லை. நடுவே பிரெஞ்சுப் புரட்சி வந்தது.

அரண்மனைக்கு வாடிக்கையாகக் கடிகாரம் செய்து கொடுத்தவர் ப்ரெகே. புரட்சிக்காரர்களிலும் அவருக்கு நண்பர் இருந்தார்: ழான்-போல் மரா. இருவருக்கும் பூர்வீகம் சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெல் பக்கம். ஒருமுறை வீட்டுக்கு வெளியே கூட்டம் மராவின் உயிரைக் கேட்டுக் கத்தியபோது, ப்ரெகே அவருக்குக் கிழவி வேஷம் போட்டுக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனாராம். கதை எவ்வளவு நிஜமோ, 1793-இல் மராவின் உதவியால் ப்ரெகேவுக்கு ஊரைவிட்டுப் போக அனுமதி கிடைத்தது என்பார்கள். அந்த வருடம் சுவிட்சர்லாந்து போனவர் 1795-இல்தான் திரும்பினார்.

அவர் வெளியே இருந்த காலத்தில்தான் எனக்குப் பிடித்த வேடிக்கை நடந்தது. 1793 அக்டோபரில் பிரான்ஸ் பழைய நாட்காட்டியையே தூக்கிப் போட்டது. குடியரசு நாட்காட்டியில் ஒவ்வொரு மாதமும் சரியாக 30 நாள், வருடக் கடைசியில் ஐந்தோ ஆறோ உபரி நாள், வாரத்துக்குப் பத்து நாள். ஒரு நாளைக்குப் பத்து மணி, மணிக்கு நூறு நிமிடம் என்றுகூட ஆணை போட்டார்கள். ஏழு கிழமையும் 48 மாத மேடுபள்ளமும் காட்டும்படி திட்டமிட்ட கடிகாரம், சட்டப்படி எந்த நாட்காட்டியும் இல்லாத பொருளாகப் பட்டறையில் கிடந்தது. எல்லா மாதமும் 30 நாள் என்றால் அந்த மேடுபள்ளத்துக்கே வேலை இல்லை! பத்து மணி நேரக் கணக்கு 1795-லேயே கைவிடப்பட்டது. நாட்காட்டியை 1806 ஜனவரி 1 முதல் நெப்போலியன் பழையபடி மாற்றினார்.

ஆக, இதைச் செய்து முடிப்பதற்குள் நாட்காட்டி போய்த் திரும்பி வந்துவிட்டது, ஊரின் நேரமும் சூரியனிடமிருந்து கடிகாரத்துக்குக் கைமாறிவிட்டது. கடிகாரம் தன் திட்டத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ப்ரெகே 1823-இல் இறந்தார். மகன் அந்துவான்-லூயி காலத்தில் வேலை முடிந்தது. பட்டறைக் கணக்குப்படி அடக்கச் செலவு மட்டும் சுமார் 17,000 பிராங்க்.

மேரி அந்துவானெத் இதைப் பார்த்தாரா?

இல்லை. 1793 அக்டோபர் 16-இல் கில்லட்டினில் அவர் தலை போனது. கடிகாரம் முடிய இன்னும் 34 வருடம் இருந்தது. ஆனால் ப்ரெகேயின் வாடிக்கையாளர் என்பது உண்மை. 1792-இல் தாம்ப்ல் கோட்டைச் சிறையில் இருந்தபோது அவர் கேட்டு வாங்கிக்கொண்டது ஒரு சாதாரண ப்ரெகே கடிகாரம்.

முடிந்தபின் யாரிடம் போனது?

1838-இல் மார்க்கி தெ லா க்ரோயி என்ற முதியவர் இதைப் பழுது பார்க்கக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். சிறுவயதில் ராணியிடம் ஏவல் பையனாக இருந்தவராம். திரும்பி வரவே இல்லை. அவருக்குப் பின் கேட்டு வரவும் ஆள் இல்லை. ரிப்பேர் கடையில் விட்ட பொருள் அங்கேயே தங்கியது, அரை நூற்றாண்டு. 1887-இல் ப்ரெகே நிறுவனம் அதை இங்கிலாந்தின் சர் ஸ்பென்சர் பிரன்டனுக்கு 600 பவுண்டுக்கு விற்றது. பிறகு சில கை மாறி, 1917-இல் லண்டனில் சர் டேவிட் லயனல் சாலமன்ஸ் வாங்கினார். ப்ரெகே கடிகாரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். 1925-இல் அவர் இறந்தபின் மகள் வேராவுக்கு வந்தது. வேரா, தான் மதித்த பேராசிரியர் லியோ ஆர்யே மேயரின் பெயரில் ஜெருசலேமில் அருங்காட்சியகம் கட்டி, அப்பாவின் கடிகாரங்களையும் அங்கே வைத்தார். 1974-இல் திறந்தார்கள்.

திருட்டு?

1983 ஏப்ரல் 15, வெள்ளி இரவு. கம்பியை வளைத்து, குறுகிய சன்னல் வழியாக ஒருவன் இறங்கினான். எச்சரிக்கை மணி வேலை செய்யவில்லை. 106 பொருள்கள் போயின, எண் 160-உம் அதில் ஒன்று. கவனித்தீர்களா, சூரிய நேரமும் கடிகார நேரமும் ஒத்துப்போகும் நான்கு நாளில் ஒன்று ஏப்ரல் 15. அந்த முள் பூச்சியத்தில் நிற்கும் நாளில் கடிகாரம் போனது. தற்செயல்தான், ஆனாலும் எனக்கு மறக்காது.

இருபது வருடத்துக்கு மேல் துப்பே கிடைக்கவில்லை. நாமன் டில்லர் என்ற பழைய திருடன் 2004-இல் சாகும் தறுவாயில் மனைவியிடம் சொல்லிவிட்டான். 2006-இல் ஒரு வக்கீல் மூலமாக 39 பொருள்கள் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. எண் 160 அதில் இருந்தது. வெளியுலகுக்குச் செய்தி கசிந்தது 2007-இல். 2008-இல் பிரான்சில் வங்கிப் பெட்டகங்களில் இன்னும் 43 கிடைத்தன. கடைசிக் கணக்கு 106-இல் 96. இவ்வளவு பிரபலமான பொருளை விற்கவும் முடியாது, போட்டுக்கொண்டு வெளியே போகவும் முடியாது. திருடிப் பெட்டியில் பூட்டிவைக்கத்தான் முடியும்.

நகல் ஒன்று இருக்கிறதாமே?

ஆம், எண் 1160. அசல் எங்கே என்று தெரியாத நிலையில், ப்ரெகே பிராண்டை வாங்கியிருந்த ஸ்வாட்ச் குழுமத்தின் நிக்கோலஸ் ஹாயெக், பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் வைத்தே மறுபடி செய்யச் சொன்னார். 2008-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கடிகாரக் கண்காட்சியில் காட்டினார்கள். அதை வைக்கும் மரப்பெட்டி, வெர்சாயில் ராணி நிழலில் உட்கார்ந்ததாகச் சொல்லப்படும் ஓக் மரத்தின் கட்டையில் செய்தது. 2003 கோடையின் வெயிலில் பட்டுப்போன மரம். நகலைச் செய்துகொண்டிருக்கும்போதே அசல் கிடைத்துவிட்டதுதான் வேடிக்கை.

விலை? உலகிலேயே இதுதான் சிக்கலான பாக்கெட் வாட்சா?

அருங்காட்சியகப் பொருள், விலைக்கு வராது. கோடிகளில் சொல்லப்படும் எண்கள் எல்லாம் மதிப்பீடுதான். ஒப்பிட வேண்டுமானால், படேக் ஃபிலிப் நிறுவனம் நியூயார்க் வங்கியாளர் ஹென்றி கிரேவ்ஸுக்கு 1933-இல் செய்து கொடுத்த சூப்பர்கம்ப்ளிகேஷன் 2014-இல் ஜெனீவா ஏலத்தில் 2 கோடியே 32 லட்சம் சுவிஸ் பிராங்குக்குப் போனது. அதில் 24 கம்ப்ளிகேஷன். நிலா உண்டு, சூரிய உதய அஸ்தமனம் உண்டு, கிரேவ்ஸ் வீட்டுக்கு மேலே தெரியும் நியூயார்க் வானத்தின் நட்சத்திர வரைபடமும் உண்டு. சிக்கலில் ப்ரெகேயை அது தாண்டிவிட்டது. 1904-இல் முடிந்த லெருவா 01 என்ற பாக்கெட் வாட்சும் தாண்டியது. 1827-இல் ப்ரெகேயுடையதுக்கு ஈடு எதுவும் இல்லை என்பதே பெருமை.

எங்கள் தாத்தாவின் பாக்கெட் வாட்சிலும் தேதி, கிழமை, மாதம், நிலா எல்லாம் இருக்கிறது. நிரந்தர நாட்காட்டியா?

அனேகமாக இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுவிட்சர்லாந்தில் இந்த மாதிரி நான்கு குட்டி டயல் கொண்ட கடிகாரங்களை ஏராளமாகச் செய்தார்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் மாதத்தின் நீளம் அதற்குத் தெரியாது. மாத டயலில் 12 பெயர் மட்டும் இருந்து, லீப் வருடத்தைக் காட்டும் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் சாதாரண நாட்காட்டிதான். 48 மாதங்கள் பிரித்திருந்தாலோ, 1 முதல் 4 வரை எண்ணிட்ட சின்ன டயல் இருந்தாலோ, உடனே நல்ல கடிகாரப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 3 மணி வரை முள் நிற்கும்போது தேதியை அழுத்தித் திருத்தாதீர்கள். அந்த நேரத்தில் நாட்காட்டிப் பற்கள் ஒன்றோடொன்று கவ்வியிருக்கும், அழுத்தினால் பல் உடையும். முள்ளைக் காலை 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு தேதியைத் தொடுங்கள். பல வருடம் சும்மா கிடந்த கடிகாரமாக இருந்தால் சாவியே கொடுக்க வேண்டாம். எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். முதலில் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.